எடை ஏறாத குழந்தை, தூங்காத அம்மா: யாருக்கு முதலில் வைத்தியம்?

கேள்வி: என் தங்கைக்கு இரண்டு பெண் குழந்தைகள். இளையவளுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. பிறந்தபோது 2.8 கிலோ, பதினாலாவது வார ஊசிக்குப் போனபோது 4.9, இப்போது 5.2 தான். தாய்ப்பால் போதவில்லை என்று டப்பா பாலும் கொடுக்கிறோம். மூன்று டப்பா மாற்றியாகிவிட்டது, பசி எடுக்க டானிக்கும் கொடுத்தாகிவிட்டது. குழந்தை சமத்து, அழுவதே இல்லை. தங்கைதான் சரியில்லை. தலை வாருவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் குட்டியானை ஓட்டுகிறார், தினமும் குடி. இரண்டாவதும் பெண்ணா என்று மாமியார் குத்திக்கொண்டே இருக்கிறார். மூத்தவளுக்கு நாலு வயது, பால்வாடிக்குப் போக மாட்டேன் என்று அடம், மறுபடியும் படுக்கையில் மூத்திரம் போகிறாள். குழந்தை டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னேன். "மனநல டாக்டரைப் பாருங்கள்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். "நான் என்ன பைத்தியமா?" என்று தங்கை அதைத் தொடக்கூட இல்லை. யாருக்கு முதலில் வைத்தியம் பார்ப்பது? நான் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன், அடுத்த ஊரில் இருக்கிறேன். இதில் நான் தலையிடலாமா?
வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

இரண்டு பேருக்கும் சேர்த்தே பாருங்கள். முடிந்தால் ஒரே நாளில், ஒரே இடத்தில். குழந்தையைத் தேற்றிவிட்டு அம்மாவைக் கவனிக்கலாம் என்றால் குழந்தை தேறாது. அம்மா சரியானால் குழந்தை தானாகத் தேறிவிடும் என்று விட்டுவிடவும் முடியாது. குழந்தை மருத்துவராகத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் எடை. பதினாலாவது வாரத்திலிருந்து ஐந்து மாதம் முடிவதற்குள் ஒரு பெண் குழந்தை ஏறக்குறைய ஒரு கிலோ ஏற வேண்டும். இவள் ஏறியிருப்பது 300 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஐந்து மாதப் பெண் குழந்தையின் நடுவான எடை 6.9 கிலோ. 5.4 கிலோவுக்குக் கீழே போனால் எடை குறைவு என்று கணக்கு. இவள் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டாள். பதற வேண்டாம். ஆனால் இன்னொரு டப்பா மாற்றிப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்துகிற கட்டமும் இல்லை. இந்த வாரமே காட்டுங்கள். பசி டானிக்கை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஐந்து மாதக் குழந்தைக்கு அதில் வேலையே இல்லை, சிலவற்றில் தூக்கம் வரவைக்கிற மருந்து வேறு இருக்கும்.

எந்த டப்பா என்று மூன்று முறை யோசித்திருக்கிறீர்கள். எத்தனை கரண்டி என்று ஒரு முறை பாருங்கள். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு கரண்டி என்று போட்டிருக்கும். அப்படியானால் 150 மில்லிக்கு ஐந்து கரண்டி. டப்பா விற்கிற விலைக்கு, மாதக் கடைசியில் அந்த ஐந்து மூன்றாகிவிடும். பாட்டிலைப் பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். குழந்தையும் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கிவிடும். எடை மட்டும் ஏறாது. கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கும். அதனால் நான் கேட்பதில்லை. "ஒரு பாட்டில் கலந்து காட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். சில அம்மாக்கள் மூன்றாவது கரண்டியில் நிறுத்திவிடுவார்கள். சிலர் மூன்றா நாலா என்று மறந்துபோய், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார்கள். முதல் வகைக்குக் காசு இல்லை. இரண்டாவது வகைக்குத் தூக்கமும் தெம்பும் இல்லை. பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். உங்கள் தங்கை எந்த வகை என்று ஒரு பாட்டில் கலக்குகிற நேரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது, நீங்கள் நல்ல சேதியாக எழுதியிருக்கிற "சமத்து, அழுவதே இல்லை". கடிதத்தில் எடைக்கு அடுத்தபடியாக எனக்குக் கவலை தருவது இதுதான். ஐந்து மாதக் குழந்தை பசித்தால் ஊரைக் கூட்ட வேண்டும், முகம் பார்த்தால் சிரிக்க வேண்டும், ங்கா ங்கா என்று நம்மை வம்புக்கு இழுக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்த அம்மாவை, சில நிமிடங்கள் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, சத்தம் கொடுத்தது. எதற்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒடுங்கிவிட்டது. சில நிமிடத்துக்கே இந்த விளைவு. மனச்சோர்வில் இருக்கிற அம்மாவின் முகம் நாள் கணக்கில், வாரக் கணக்கில் அப்படி இருக்கிறது. அவளுக்குப் பாசம் இல்லை என்று அர்த்தமில்லை. முகத்தை அசைக்கக்கூட அவளிடம் சக்தி இல்லை. அழுது பலனில்லை என்று பழகிய குழந்தை கேட்பதைக் குறைத்துக்கொள்ளும். கேட்காத குழந்தைக்குப் பாலும் குறையும். ஊட்டச்சத்தே குறைந்துபோனாலும் குழந்தை இப்படிச் சோர்ந்து அமைதியாகிவிடும் என்பதால், இது இரண்டில் எது என்று மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும்.

இது நம்மூரிலேயே ஆராய்ந்து பார்த்த விஷயம். வேலூர் பக்கத்துக் கிராமப் பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து பின்தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு 2002இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது தெரியுமா? வருமானம் குறைவு, மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாரோடு மனக்கசப்பு, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது. அதே பகுதியில் இரண்டு வருடம் கழித்து வந்த இன்னொரு ஆய்வில், எடை குறைந்த குழந்தைகளின் அம்மாக்களிடம் மனச்சோர்வு அதிகமாக இருந்தது தெரியவந்தது. ஆக உங்கள் தங்கைக்கு வந்திருப்பது வினோதமான எதுவும் இல்லை. அவளுக்கு இதைச் சொல்லுங்கள். பேரே இல்லாத ஏதோ ஒன்று தனக்கு மட்டும் வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவர் எழுதியது தப்பில்லை, ஆனால் போதாது. புருஷனிடம் காசு வாங்கி, மாமியாரிடம் காரணம் சொல்லி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறி, மனநலப் பிரிவின் வாசலில் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று நிற்பதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும்? அந்தத் தெம்பு இருந்தால் அவளுக்கு அந்தச் சீட்டே தேவைப்பட்டிருக்காது. இது போன்ற சீட்டுகள் பர்ஸிலேயே மடிந்து கிடக்கும். ஆனால் அதே பெண், குழந்தைக்கு ஊசி போட 6, 10, 14 வாரங்களில் தவறாமல் வந்திருக்கிறாள், பாருங்கள். குழந்தைக்கு ஊசி என்றால் எந்த மாமியாரும் மறிக்க மாட்டார். அம்மாவின் மனதைக் கவனிப்பதற்கும் அந்த நாளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், குழந்தையின் 1, 2, 4, 6 மாதப் பரிசோதனைகளின்போது அம்மாவிடமும் மனச்சோர்வு இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரே கேட்க வேண்டும் என்று சொல்கிறது. கேட்பதற்கு எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு, 1987இல் வந்தது. தமிழிலும் இருக்கிறது, வரிசையில் உட்கார்ந்திருக்கிற நேரத்திலேயே டிக் அடித்துவிடலாம். அது எங்கள் பாடம் இல்லை என்று எங்களில் சிலர் ஒதுங்குவது எனக்கு உடன்பாடில்லை. 2023இல் உலக சுகாதார நிறுவனம் புதுப்பித்த வழிகாட்டுதலும், ஆறு மாதத்துக்குள் எடை தேறாத குழந்தை வந்தால் அம்மாவையும் குழந்தையையும் ஒரே ஜோடியாகப் பார்க்க வேண்டும், அம்மாவின் உடல்நிலையும் மனநிலையும் அந்தப் பரிசோதனையிலேயே சேர்த்தி என்கிறது.

பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் இப்படிச் செய்தே பார்த்தார்கள். மனச்சோர்வு இருந்த பெண்களின் வீட்டுக்கு, மருத்துவரை அல்ல, ஊர் சுகாதாரப் பணிப்பெண்களைப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் போய் "உனக்கு மனநோய்" என்று பேசவில்லை. "குழந்தை நன்றாக வளர நாம் என்ன செய்யலாம்" என்றுதான் ஆரம்பித்தார்கள். குழந்தை பேரைச் சொன்னதால் வீட்டில் எல்லோரும் கதவைத் திறந்தார்கள். 2008இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில், அப்படிப் பேசிய ஊர்களில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு மிச்சமிருந்தது. சும்மா வழக்கமாக வந்துபோன ஊர்களில் 53 சதவீதம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, ஊசிகள் முழுதாகப் போடப்பட்டன, அம்மா அப்பா இருவரும் குழந்தையோடு விளையாடுவது கூடியது. ஆனால் குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. இதை யாரும் அதிகம் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் மனதைத் தேற்றுவது பால் கணக்குக்கு மாற்று அல்ல. பால் கணக்கைத் தனியாகச் சரிபார்க்கத்தான் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்வது அதனால்தான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. இப்போது ஊசி எதுவும் இல்லை, அடுத்தது ஒன்பதாவது மாதம்தான். பரவாயில்லை, "எடை பார்க்க வாரா வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்" என்பது போதுமான காரணம். ஊசி அட்டையோடு, இப்போது கலக்குகிற டப்பா, கரண்டி, பாட்டில் மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். உள்ளே போனதும், "குழந்தை எடை ஏறவில்லை, அம்மாவுக்குத் தூக்கம் இல்லை, இரண்டு பேரையும் பார்க்க வேண்டும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையும் பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி சோர்வைக் காட்டும். பத்தியம் என்று அவளுக்கு வெறும் பருப்பும் சோறும் போட்டுக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அங்கே எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு, குழந்தையின் எடை நாளையும் அதே கிழமைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தனியாக இன்னொரு நாள் என்றால் அவள் வர மாட்டாள்.

மாத்திரை கொடுத்தால் பால் கொடுக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்கென்றே பார்த்துக் கொடுக்கிற மாத்திரைகள் உண்டு. செர்ட்ரலின் போன்றவை பாலில் மிகமிகக் குறைவாகவே கலக்கும். குழந்தை பால் குடிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டால் போதும். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதற்குள் கைவிட்டுவிட வேண்டாம். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதும் இல்லை, சிலருக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதும். அதைவிட முதலில் தூக்கம். வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரியாவது வேறு யாராவது குழந்தையை வைத்துக்கொண்டு, அவள் நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க வழி செய்யுங்கள்.

அவளிடம் நீங்கள் தனியாக ஒரு தடவை பேசுங்கள். "ஏன் இப்படி இருக்கே?" என்று ஆரம்பிக்காதீர்கள், அது விசாரணை. "போன ஒரு வாரத்துல எதுக்காவது சிரிச்சியா?" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், கஷ்டமாக இருந்தாலும், "செத்துப் போயிடலாம்னு தோணுதா? பாப்பாவை ஏதாவது பண்ணிடுவோமோன்னு பயமா இருக்கா?" என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனை. யாரோ காதில் பேசுகிறார்கள் என்றாலோ, குழந்தை தன்னுடையதே இல்லை என்பதுபோலச் சம்பந்தமில்லாமல் பேசினாலோ அதுவும் அவசரம்தான். நடுராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416. டெலி மானஸ் என்ற அரசு சேவை, இலவசம், தமிழில் பேசலாம், அவள் சார்பில் நீங்களும் பேசலாம். குழந்தையைப் பொறுத்தவரை பால் இழுக்காமல் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல், வேக மூச்சு, கால் வீக்கம் எது இருந்தாலோ வார எடைக்காகக் காத்திருக்கக் கூடாது.

அவள் வீட்டுக்காரர் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. மருந்துக்கடையிலோ நாட்டு மருந்துக்கடையிலோ "தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று ஒரு பொடி தருவார்கள். அதை வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் என்ற குடியை நிறுத்தக் கொடுக்கிற மருந்து இருந்தால், அதோடு அவர் குடிக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாவது, தினமும் குடிக்கிறவரை "இன்றையிலிருந்து ஒரு சொட்டு கூடாது" என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். முதல் சில நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அதே மனநலப் பிரிவிலேயே இதற்கும் வைத்தியம் உண்டு. அவரை அங்கே இழுத்துக்கொண்டு போக வேண்டாம், குழந்தையின் எடை நாளுக்கு வரச் சொல்லுங்கள். எடைமேடையில் தினம் வண்டியை ஏற்றி இறக்குகிற மனுஷன், அட்டையில் கோடு கீழே போவதைப் பார்த்தால் சண்டை போடாமல் புரிந்துகொள்வார். "குடிக்காதே" என்று மச்சினிச்சி சொல்வதைவிட, "டப்பாவுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்பது வேலை செய்யும். அவர் கை நீட்டுகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. தங்கையிடம் அவர் இல்லாத நேரத்தில் கேளுங்கள். ஆமாம் என்றால் இந்த யோசனையெல்லாம் பிறகு, முதலில் 181. அது பெண்களுக்கான உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள்.

மூத்தவளை அடிக்க வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். பழகிய பிறகு மறுபடி படுக்கையில் போவது, வீட்டில் ஏதோ சரியில்லை என்று நாலு வயதுக் குழந்தை காட்டுகிற அடையாளமாக இருக்கும் பெரும்பாலும். மூத்திரப் பரிசோதனை ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். பால்வாடிக்கு அவளைத் தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில் கூட்டிப் போகட்டும். அங்கே இளையவளையும் மாதாமாதம் எடை போடுவார்கள். பேச்சிலோ நடவடிக்கையிலோ சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்று ஒரு மையம் இருக்கிறது. குழந்தை மருத்துவர், உளவியலாளர், இயன்முறை சிகிச்சையாளர், சிறப்பு ஆசிரியர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். மருத்துவமனையில் கேட்டால் காட்டுவார்கள்.

நீங்கள் தலையிடலாமா என்றால், தாராளமாக. ஆனால் மாமியாரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நீங்கள் சண்டை போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவீர்கள், தங்கை அங்கேயே இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். "அத்தை, பாப்பாவுக்குத் தினம் எண்ணெய் தேய்ச்சு, பேசி விளையாட்டுக் காட்டணும்னு டாக்டர் சொல்லியிருக்கார், உங்களைத் தவிர யாருக்கு அந்தப் பக்குவம் இருக்கு?" என்று சொல்லிப் பாருங்கள். குழந்தையை அந்த நேரத்துக்கு அவர் வாங்கிக்கொண்டால் தங்கை சற்றுக் கண்ணயரலாம். பெண் பிள்ளை என்று முகம் சுளித்த பாட்டிகள், குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்ததும் கீழே விட மறுத்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் மாறுவதில்லை, அதையும் பார்த்திருக்கிறேன்.

முதல் தடவை மட்டும் உங்கள் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு நீங்களே கூடப் போங்கள், வரிசையில் நின்று பேச அவளுக்குத் தெம்பு இருக்காது. இரண்டாவது வாரத்திலிருந்து அவள் வீட்டுக்காரரை வண்டியில் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.